நஞ்சப்பன் மாஸ்டர் நிறுத்திய தறி

நஞ்சப்பன் மாஸ்டர் கவனக்குறைவால் ஒரு படத்தின் ஒலியைக் கெடுத்துவிட்டார் என்று சொல்லிக் கோவை ஸ்டூடியோ ஒன்று அவரை வெளியேற்றியது. படத்தின் முகப்பிலிருந்து அவர் பெயரையும் எடுத்தது. அவர் எதையும் கெடுக்கவில்லை. கெடுத்தார் என்பதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம் என் கையால் எழுதிய ஒரு சீட்டு.

போன செவ்வாய்க்கிழமை காலை மின்சாரம் நின்று, சோமனூரில் எங்கள் தெருத் தறிகள் எல்லாம் ஒன்றாக அடங்கின. அந்த நேரத்தில்தான் மதுக்கரையிலிருந்து மாஸ்டரின் மைத்துனர் வந்து வாசலில் நின்றார். "மச்சான் தவறிட்டாருங்க" என்றார். தறிகள் மறுபடி ஓடத் தொடங்கும்வரை நான் அவரை உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

நான் டென்ட் கொட்டகை ஆப்பரேட்டர். நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். புரொஜெக்டரைப் பிரித்துப் பூட்டியே தொழிலைக் கற்றேன். மாஸ்டர் ஸ்டூடியோவில் பின்னணி இசை அமைப்பவர். பாட்டுகளுக்கு மதராஸிலிருந்து வேறொருவர் வருவார். பாட்டில்லாத இடங்களெல்லாம் மாஸ்டருடையவை.

ஐம்பதுகளின் நடுவில், வெள்ளிக்கிழமை தோறும் முதல் ஆட்டத்துக்குச் சோமனூர் வருவார். திரைக்குக் கீழே மணலில், திரைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். ஜனங்கள் சிரிப்பார்கள்.

"ஏனுங்க, படம் அந்தப் பக்கமுங்க!"

"தெரியுமுங்க. எனக்கு வேண்டியது இந்தப் பக்கம் இருக்குதுங்க."

ஒருநாள் ஆட்டம் தொடங்குமுன் டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டார். "ஆப்பரேட்டரண்ணா, இத்தனை தறிச் சத்தத்துல எப்படித் தூங்கறீங்க?"

"சத்தத்துல தூங்கிருவமுங்க மாஸ்டர். நின்னாத்தான் திக்குனு முழிச்சுக்குவம். நூல் அந்துபோச்சா, ஆளுக்கு ஏதாச்சுமான்னு ஓடுவம்."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அதைக் குடிக்கவே இல்லை.

அடுத்த வருடம் அந்தப் படம் வந்தது. தறிக்காரக் குடும்பத்துக் கதை. அண்ணன், அண்ணி, தம்பி. அண்ணன் சிரித்த முகத்துக்காரன். தம்பிக்குச் சோறு ஊட்டுவான். கடைசியில் நிலத்துக்காக அவனைக் கிணற்றில் தள்ளுவான். வீட்டுக் காட்சிகள் எல்லாவற்றிலும் வசனத்துக்கு அடியில் அண்ணி ஓட்டும் தறியின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அது நிஜத் தறி அல்ல. மிருதங்கத்தில் ஈரத் துணி போட்டுத் தட்டி, அடியில் செல்லோவை இழுக்கவிட்டு மாஸ்டர் உண்டாக்கியது. அண்ணன் வாசலில் கால் வைத்ததும் அது நிற்கும். அவன் கை கழுவி மணையில் உட்காரும்வரை திரையில் ஒரு சத்தமும் இருக்காது. ஒவ்வொரு தடவையும் தறி மறுபடி ஓடத் தாமதமாகும். பத்தாம் ரீலில் ஓடவே ஓடாது.

முதல் நாள் நான் என்ன செய்தேன்? ஒலி போய்விட்டது என்று நினைத்தேன். மெஷினில் ஒலியைப் படிக்கும் விளக்கைத் தட்டினேன், வால்யூமைத் திருகினேன். ஆட்டம் முடிந்ததும், படப்பெட்டியோடு வரும் குறைச் சீட்டில் எழுதினேன்: "நாலு, ஏழு, பத்தாம் ரீல்களில் ஒலி நின்றுபோகிறது." மறுநாள் காலை பஸ்ஸில் ஸ்டூடியோவுக்கு அனுப்பியும்விட்டேன்.

அன்று மாலை மாஸ்டர் வந்தார். சொன்னேன். கோபப்படவில்லை. "மேனேஜரை மெஷின்ல நிறுத்திப்போட்டு, இன்னைக்கு என்ற பக்கத்துல வந்து உக்காருங்கண்ணா" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாகத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நாலாம் ரீலில் தறி நின்றது. கொட்டகையில் பாதித் தலைகள் தெருப்பக்கம் திரும்பின. ஒரு பெரியவர் எழுந்தே விட்டார்.

"தறி நின்னுபோச்சுடா!"

"உக்காருங்க மாமா, படத்துல நின்னுது."

பிறகு எல்லாத் தலைகளும் திரைக்குத் திரும்பின. அவர்கள் அண்ணனைப் பார்க்கவில்லை, சோறு போட்டுக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "அவளுக்குத் தெரியும்டி. அத்தனையும் தெரியும்."

மாஸ்டர் என் காதருகே சொன்னார்: "அவன் கெட்டவன்னு இசை சொல்லக்கூடாதுங்கண்ணா. அவளுக்குத் தெரியும்னு மட்டும் சொல்லோணும். மீதிய இவியளே பயந்துக்குவாங்க."

அன்றே நான் இன்னொரு சீட்டு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதியதை மாற்றினால் தொழில் தெரியாதவன் என்பார்கள் என்று வீம்பு பிடித்தேன். ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் என் சீட்டை எல்லோர் முன்னாலும் படித்தாராம். மௌனங்களில் எல்லாம் வயலினை நிரப்பிப் புதுப் பிரதிகள் எடுத்தார்கள். அதில் அண்ணி எதுவும் தெரியாத மடச்சி போலத் தெரிந்தாள். சோகக் காட்சியில் ஜனங்கள் சிரித்தார்கள். படம் படுத்தது. பழி மாஸ்டர் மேல் விழுந்தது. வேறு எந்த ஸ்டூடியோவும் அவரைக் கூப்பிடவில்லை.

மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் சேர்ந்தார். ஒருமுறை போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை. அவரே சொன்னார்: "நீங்க காதுல கேட்டதத்தானுங்கண்ணா எழுதினீங்க." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி செல்லம்மாள் சொன்னார்: "கடைசி ரெண்டு நாளும் காய்ச்சல்ல ஒரே கேள்விதானுங்க. 'தறிய ஏன் அம்மணி இன்னும் ஓட்டாம இருக்காங்க?'ன்னு. இங்க ஏதுங்க தறி?"

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வயலின் சேர்க்காத முதல் பிரதி ஒன்று பொள்ளாச்சிக் கொட்டகைக்காரர் ஒருவரிடம் இருக்கிறது. படம் பிடித்துப்போய் அவர் திருப்பி அனுப்பவில்லை. இப்போது டென்ட்டைக் கலைக்கிறார். வரும் சந்தை நாளில் பழைய ரீல்களை, பிலிமிலிருந்து வளையல் செய்பவர்களுக்கு எடைக்குப் போடப் போகிறார். அவர் அந்தப் பெட்டியை மட்டும் தனியே எடுத்துவைக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர்கள் மாஸ்டரின் பெயரை முகப்பில் திரும்பச் சேர்க்க வேண்டும். அவர் எதையும் கெடுக்கவில்லை என்று செல்லம்மாளின் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும், தபாலில் அல்ல. எங்கள் மேனேஜர் ஒரு மாலை ஆட்டத்தை அந்தப் படத்துக்கு ஒதுக்க வேண்டும். சோமனூர்த் தறிக்காரர்கள் வீட்டுப் பெண்களோடு வர வேண்டும்.

அன்று நான் மெஷினில் நிற்க மாட்டேன். திரைக்குக் கீழே மணலில், உங்கள் இடத்துக்குப் பக்கத்தில், உங்களைப் போலவே உட்காருவேன் மாஸ்டர். ஆட்டம் முடிந்ததும், அன்றே எழுதியிருக்க வேண்டிய சீட்டை எழுதிப் பெட்டியில் வைப்பேன்: "நாலு, ஏழு, பத்தாம் ரீல்களில் ஒலி சரியாக இருக்கிறது. குறை ஆப்பரேட்டருடையது."