இடப்பக்கத்துக் கைகளை எண்ணிய நாள்

அன்றைக்கு எனக்குக் கைகளை எண்ணுகிற வேலை கிடைத்தது. ஆண்டவர் தந்த மரியாதை என்றுதான் அதை நினைத்தேன்.

சுவிஸில் இருக்கிற எங்கள் ஊரில் வருடத்துக்கு இரண்டு முறை, பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடக்கும். ஊரை நிர்வாகம் செய்கிற ஐந்து பேர் முன்னால் நீட்டு மேசையில் இருப்பார்கள். ஊர்த்தலைவி நடுவில், எல்லாவற்றையும் குறிப்பெடுக்கிற எழுத்தர் ஓரத்தில். இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற எவரும் வந்து இருக்கலாம், எழும்பிக் கதைக்கலாம், கை உயர்த்தலாம். தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடக் கூரை, பனி அள்ளுகிற வண்டி என்று எல்லாமே கை உயர்த்தித்தான் தீர்மானம். பெட்டி கிடையாது, சீட்டும் கிடையாது. யார் எதற்குக் கை தூக்கினார் என்று பக்கத்துக் கதிரைக்காரனுக்குத் தெரியும்.

கூட்டம் தொடங்கியதும் கைகளை எண்ண இரண்டு பேரைத் தெரிவு செய்வார்கள். அன்றைக்கு ஊர்த்தலைவி என்னைப் பார்த்து, "இடப்பக்கத்துக்கு நீங்கள் எண்ணுவியளோ?" என்று கேட்டார். அவர்கள் கதைத்ததெல்லாம் சுவிஸ் டொச், இந்த ஊர் ஜெர்மன். நான் என் தமிழில் எழுதுகிறேன். ஓம் என்று எழும்பி நின்றேன். கை தட்டினார்கள். ஒரு தாளும் பென்சிலும் தந்தார்கள். டாவோசில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிய ஆள் நான். மாதா கோயில் பூசைக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டு வந்தது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைய நிரலில் ஐந்தாவது விஷயம் ஒரு தாயும் மகளும் கேட்ட குடியுரிமை; இங்கே அதையும் ஊர்தான் கை உயர்த்திக் கொடுக்கும். எங்கள் ஊரிலேயே இருக்கிற தமிழ்ப் பெண். மன்னார்ப் பக்கம். கணவன் இல்லை. முதியோர் இல்லத்தில் நான் சமையலறை, அவள் துணி தோய்க்கும் பகுதி. பன்னிரண்டு வருடமாக ஒரே கதவால் உள்ளே போய் ஒரே கதவால் வெளியே வருகிறோம். மகளுக்குப் பதினேழு வயது, நாலு ஸ்டேஷன் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரியில் பிறந்தவள். பொலிசில் சேர வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் ஆசை. குடியுரிமை இல்லாமல் பொலிஸ் பள்ளிக்கூடத்தில் எடுக்க மாட்டார்கள். இலையுதிர்காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். "கண்ணாடிக்கு முன்னால நிண்டு சலூட் அடிக்கிறாள் அண்ணை, நான் குசினிக்குள்ள போறதுக்கும் அடையாள அட்டை கேக்கிறாள்" என்று தாய் ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அது அவள் என்னோடு சிரித்துக் கதைத்த காலம். மாதத்தில் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு என் காரில்தான் வருவாள். அவள் பாடத் தொடங்கினால் மற்றப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பிறகு மகளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஷ்லீரன் என்ற ஊரில் இருக்கிற வேறொரு சபையிலிருந்து யாரோ வந்து தலையில் கை வைத்துச் செபித்தார்கள். பிள்ளை எழும்பிவிட்டது. தாய் அவர்களோடு போய்விட்டாள். அங்கே ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் வாடகை அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறார்களாம். எங்களோடு வந்த இன்னும் இரண்டு குடும்பங்களும் அவளுக்குப் பின்னால் போயின.

போனால் போகட்டும். ஒருநாள் கடைப் பையொன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். உள்ளே பழைய துவாயில் சுற்றி, அவள் வீட்டு மாதா சுரூபம்.

"சபையில சுரூபம் வைச்சிருக்கக் கூடாதாம் அண்ணை. எறிய மனம் வரேல்லை. நீங்கள் வைச்சுக்கொள்ளுங்கோ."

வாங்கி வைத்தேன். எங்கள் வீட்டுப் பீடத்தில் அன்றிலிருந்து இரண்டு மாதா. செபமாலை சொல்ல முழங்காலில் நிற்கிற ஒவ்வொரு நாளும் அந்த இரண்டாவது மாதாவைப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் நெஞ்சுக்குள் ஒன்று கடினப்படும். பக்தி என்றே அதற்கு நான் பெயர் வைத்திருந்தேன். அவளோடு வேலையிடத்தில் வணக்கம் சொல்வதைக்கூட விட்டுவிட்டேன்.

ஐந்தாவது விஷயம் வருவதற்கு முன்னால் காட்டோரத்து வாங்கு வந்தது. நடந்து களைத்த கிழவர்கள் இருப்பதற்கு ஒரு மர வாங்கு போடப் போகிறார்கள். அது வெயிலைப் பார்த்து இருக்க வேண்டுமா, ஊரைப் பார்த்து இருக்க வேண்டுமா என்று முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள்.

"வெயிலைப் பார்த்து வைச்சால் கிழவர் அதிலையே நித்திரையாகிச் செத்துப்போவினம்" என்றார் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர்.

"அப்ப கல்லறைக்குக் கிட்ட வையுங்கோ, தூக்கிற வேலை மிச்சம்" என்றார் இன்னொருவர்.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வெயிலைப் பார்க்கத்தான் வாங்கு வென்றது. என் பக்கத்துக் கைகளை இரண்டு தரம் எண்ணிச் சொன்னேன். ஊர்த்தலைவி நன்றி சொன்னார்.

பிறகு தாயையும் மகளையும் முன்னால் கூப்பிட்டார்கள். தாய் நீலக் கோட்டும் பாவாடையும், கழுத்தில் நகை ஒன்றும் இல்லை, அந்தச் சபையில் போடக் கூடாதாம். மகள் ஊர்ப் பிள்ளைகளின் பேச்சிலேயே தன்னைப் பற்றிச் சொன்னாள். நடுவில் ஒரு பகிடி விட்டாள், சனம் சிரித்தது. நல்லாய்ப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். பிறகு வழக்கம்போல அவர்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு. நடைபாதையில் அந்தப் பிள்ளை பொலிஸ்காரி மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்பது எனக்கு இங்கிருந்து தெரிந்தது.

கொடுக்கலாம் என்று மேசையிலிருந்த ஐந்து பேரும் சிபாரிசு செய்தார்கள். எவரும் எழும்பாவிட்டால் உடனே கை உயர்த்தி, கைதட்டி உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். என்னுடையது அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு, அவர்களுடைய அடுக்குமாடியிலேயே குடியிருக்கிற ஒரு ஓய்வுபெற்ற மனிதர் எழும்பினார்.

"பன்னிரண்டு வருசம் ஒரே கட்டடத்தில இருக்கிறம். தாயைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. ஊர்க் கொண்டாட்டத்தில அவவைக் கண்ட ஆராவது இங்க இருக்கிறியளோ?"

"மகள் தங்கமான பிள்ளை" என்றார் ஒரு ஆசிரியை.

"மகளுக்கெண்டு தனியாக் கை உயர்த்த ஏலாதே. ஒரு ஃபைல், ரெண்டு பேர்" என்றார் அந்த மனிதர்.

ஊர்த்தலைவி மண்டபத்தைப் பார்த்து, தாயைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு கதிரையும் அசையவில்லை. பிறகு ஒவ்வொரு முகமாக என் பக்கம் திரும்பியது. அந்த மண்டபத்தில் இருந்த ஒரே தமிழன் நான். என் மனைவி தலையிடி என்று வீட்டில் நின்றுவிட்டாள்.

"நீங்கள் ஒண்டாத்தானே வேலை செய்யிறியள்" என்றார் ஊர்த்தலைவி. "அவ ஆக்களோட சேர்ந்து பழகுறவவோ?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கிற கிழவர்களுக்குப் பக்கத்தில், வேலை முடிந்த பிறகும் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். அந்த மண்டபத்தில் இருந்த சிலரின் தாய் தகப்பன் அவள் மடித்த துணியில்தான் கண் மூடினார்கள். அதைச் சொல்லுகிற அளவுக்கு எனக்கு டொச் தெரியும். எழும்பி நின்றபோது எனக்கு நினைவில் வந்தது அந்தக் கடைப் பை ஒன்றுதான்.

"எங்கட ஆக்களோடையும் அவ சேர்றேல்லை" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எங்கோ ஒருவர் மூக்கால் சிரித்தார். "அவையளே சொல்லுகினம்" என்றது ஒரு குரல். எழும்பி நின்ற அயலவர், தனக்கு இனி வேலையில்லை என்பது போலக் கதிரையில் இருந்துவிட்டார்.

கொடுக்கலாம் என்பவர்களின் கை முதலில். எண்ணினேன், குறைவுதான். பிறகு கூடாது என்பவர்கள். வரிசை வரிசையாகப் பென்சிலை நீட்டி எண்ணிக்கொண்டு போனேன். மூன்றாவது வரிசையில் ஒரு மனிசியின் கை பாதி உயர்ந்து, காதுக்குப் பக்கத்தில் நின்றது. கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று நின்று கேட்டேன்: "எண்ணவோ?"

அவர் என்னைப் பார்த்தார். முழுக்க உயர்த்திவிட்டார். எண்ணினேன்.

எண்ணுகிறவர்களின் சொந்தக் கையையும் கேட்பார்கள். வலப்பக்கத்துக்காரர் கொடுக்கலாம் என்றார். நான் எதற்கும் இல்லை என்றேன். ஆண்டவரைச் சாவுக்குக் கொடுத்துவிட்டுப் பிலாத்து கை கழுவியதை ஒவ்வொரு தபசு காலத்திலும் சிலுவைப்பாதையில் கேட்கிறேன். அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

அவர்களை உள்ளே கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள், மிக மரியாதையாக. தாய் "மெர்சி" என்று நன்றி சொன்னாள். பழக்கத்தில் வந்த சொல். நாய்களைக் கயிற்றில் கட்டுவதைப் பற்றிய கடைசி விஷயம் முடியும்வரை இரண்டு பேரும் பின்வரிசையில் இருந்தார்கள்.

கூட்டம் முடிந்தால் எல்லாருக்கும் வெள்ளை வைனும், பன்றியிறைச்சி வைத்த சின்ன பணிஸும் உண்டு. கூடாது என்று கை தூக்கியவர்கள் தாய்க்குக் கிளாஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த அயலவரே கொடுத்தார். "மனசில வைச்சிருக்காதேங்கோ, என்ன? அடுத்த முறை பாப்பம்." அவள் குடிப்பதில்லை. கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்த பிறகு கதிரை அடுக்க உதவினால் நல்ல பெயர் என்று மகளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவள் தனியே அடுக்கிக்கொண்டு வந்தாள். என்னிடமும் வந்தாள்.

"மாமா, எழும்புங்கோ. கதிரை எடுக்க வேணும்."

என் வாயில் பணிஸ் இருந்தது. எழும்பினேன்.

வீட்டில் மனைவி முதலில் கேட்டது அவர்களுக்குக் கிடைத்ததா என்றுதான்.

"கிடைக்கேல்லை" என்றேன்.

"நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"கேட்டவை. உண்மையைச் சொன்னனான்."

"என்ன உண்மை?"

சொன்னேன். அவள் பீடத்தில் இருந்த இரண்டு மாதாவையும் பார்த்தாள். அன்றைக்குச் செபமாலையை அவள் தனியே சொன்னாள்.

இரண்டு கிழமையில் தாய் சமையலறைக்கு வந்தாள், கையில் கடிதம். மகள் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தாள். மறுத்ததற்கான காரணம் அது: விண்ணப்பதாரி தன் சொந்த நாட்டவரோடும் தொடர்பு வைப்பதில்லை என்று அவர்களில் ஒருவரே கூட்டத்தில் உறுதிப்படுத்தினார். என்னுடைய வாக்கியம்தான். நான் சொன்னதைவிட நல்ல டொச்சில் எழுதியிருந்தார்கள்.

"பொய் சொல்லேல்லை தங்கச்சி" என்றேன். அவள் கேட்குமுன்னமே சொல்லிவிட்டேன்.

"ஓம் அண்ணை. உண்மைதான்." கடிதத்தை மடித்தாள். "அதை எனக்குத் தமிழில சொல்லியிருக்கலாமே."

மேலே முறையிட முப்பது நாள் இருந்தது. அவள் முறையிடவில்லை. பொலிஸ் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பிக்கிற நாளும் போய்விட்டது. வேறு ஊருக்குப் போனால், குடியுரிமை கேட்க அங்கே இருக்க வேண்டிய வருடக்கணக்குத் திரும்பவும் முதலிலிருந்து. அதனால் அதே அடுக்குமாடியில்தான் இருக்கிறார்கள். மகள் இப்போது தாய்க்குப் பக்கத்தில் நின்று துணி மடிக்கிறாள். நான் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் கதவைப் பிடித்து விடுவாள். மாமா என்று கூப்பிடுவதில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் கோயில் சுவாமியாரிடம் சொன்னேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதுதானே கட்டளை, நான் பொய் சொல்லவில்லையே என்றும் சொன்னேன். "எங்க சொன்னீரோ, அங்க போய்த் திருத்தும்" என்றார் சுவாமியார்.

அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு அதே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். முதலாவது விஷயம் எப்போதும் போன கூட்டத்தின் குறிப்பை ஏற்பது. "திருத்தம் ஏதும் உண்டோ?" என்று ஊர்த்தலைவி கேட்பார். எவரும் வாய் திறப்பதில்லை. நான் எழும்பினேன்.

"என்ர வசனம் ஒண்டு அதில கிடக்கு. அதை எடுத்துவிடுங்கோ."

"நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான்."

"எழுதினதில பிழையோ?"

"இல்லை. ஆனா நான் அதைக் கோவத்தில சொன்னனான். அவ நல்ல மனிசி. எங்கட கோயிலை விட்டுப் போனதுதான் எனக்குக் கோவம்."

யாரோ இருமினார். எழுத்தர் ஊர்த்தலைவியின் காதில் ஏதோ சொன்னார். ஊர்த்தலைவி கருணையோடுதான் என்னைப் பார்த்தார்.

"சொன்னதைத்தான் குறிப்பில எழுதுறது. ஏன் சொன்னியள் எண்டதை எழுதிறேல்லை. அப்ப திருத்தம் ஒண்டும் இல்லை. ஏற்கிறவை கை உயர்த்துங்கோ."

என்னுடையதைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டார். நான் உயர்த்தினேன். அன்றைக்கு இடப்பக்கத்தை எண்ண அந்த அயலவரைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். அவர் வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்து, பென்சிலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒண்டு" என்றார்.

இரண்டாவது விஷயம் காட்டோரத்து வாங்கு. போட்டாயிற்றாம், வெயிலைப் பார்த்து, கிழவர்களுக்கு நல்ல சந்தோஷமாம். மண்டபம் கை தட்டியது. என் கை இன்னும் மேலேதான் நின்றது. அதைக் கீழே இறக்கி, நானும் தட்டினேன்.