நோராவின் சால்வை

எந்த வண்டியில் ஏறினாலும் மங்களம் தன் முழு பாரத்தையும் அதன்மேல் இறக்கமாட்டாள். பஸ்ஸோ ஆட்டோவோ, இருக்கையின் நுனியில் உட்கார்ந்து பாதி எடையைக் கால்களிலேயே வைத்துக்கொள்வாள். மகன் ரகுராம் சின்ன வயசிலிருந்து பார்த்துச் சிரித்த பழக்கம் இது. அந்தக் கால்கள்தான் ஜோகுபாளையத்துத் தெருமுனையில் இட்லி வண்டிக்குப் பின்னால் நின்று நின்று அவனை இன்ஜினியர் ஆக்கியிருந்தன.

கணவனுக்குத் திதி கொடுக்கக் காசிக்குப் போகவேண்டும் என்றபோது ரகுராம் விமானம் என்றான். டிவியில் பார்த்த எரிந்த விமானம் மங்களத்தின் கண்ணை விட்டுப் போகவில்லை.

"ரயில்ல போலாமேடா. நடுவுல நின்னுபோச்சுன்னா?"

"நின்னா நீ இறங்கித் தள்ளும்மா. தள்ளுவண்டி உனக்குப் புதுசா?"

மருமகள் சிந்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஆபீசில் கேட்டு வந்த யோசனையைச் சொன்னவளும் அவள்தான். பெரியவர்களுக்கு வீல்சேர் கேட்டுவிட்டால் க்யூவே கிடையாது, கூடப் போகிறவர்களும் முன்னால் போய்விடலாம். எல்லாரும் செய்வதுதான்.

"ஒண்ணே ஒண்ணு அத்தை. அங்க போய் காலை ஆட்டாதீங்க."

ஏர்போர்ட்டில் மங்களம் வீல்சேரின் நுனியில் உட்கார்ந்தாள். தள்ளிய ஆள், "நல்லா சாஞ்சுக்கோங்கம்மா, விழுந்துடப் போறீங்க" என்றான். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கைத்தடி ஊன்றிய கிழவர் ஒருவர்கூட ஒதுங்கி நின்றார். மங்களம் தலையைத் தூக்கவேயில்லை.

விமானத்தில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் நோரா, அவர்கள் ஊரிலேயே பிரேசர் டவுன்காரி, காசியில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகிறவள். ரகுராமும் சிந்துவும் பின்வரிசையில். விமானம் மேலே ஏறியதும் மங்களம் பாதங்களைத் தரையில் ஊன்றி, தன்னால் ஆனமட்டும் அதன் பாரத்தைக் குறைத்தாள். பாதி வழியில் அடிவயிறு முட்டியது. இருக்கை இடுக்கு வழியாகத் திரும்பினாள்.

"டேய், பாத்ரூம் போகணும்டா."

"நீ வீல்சேர்ல வந்ததை எல்லாரும் பார்த்துட்டாங்கம்மா. இப்ப எழுந்து நடந்தா என் மானம் போயிடும். இறங்கினதும் போலாம், அடக்கிக்கோ" என்று கிசுகிசுத்தான் ரகுராம்.

அடக்கினாள். கொஞ்ச நேரத்தில் விமானம் மேகத்துக்குள் குலுங்கி, பள்ளத்தில் விழுந்தாற்போல் சட்டென்று இறங்கியது. ஊன்றியிருந்த கால்கள் நழுவின. புடவை நனைந்தது.

பின்னால் சிந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். நோரா தன் தோளில் இருந்த நீலச் சால்வையை எடுத்து மங்களத்தின் இடுப்பைச் சுற்றிப் போர்த்தினாள்.

"யாருக்கும் தெரியாதும்மா. எங்க அம்மாவும் கால் விழுந்து கிடந்தவங்கதான். உங்களுக்கு எத்தனை வருஷமா இப்படி?"

மங்களம் வாயைத் திறந்தாள். ரகுராம் முந்திக்கொண்டான்.

"அஞ்சு வருஷமா, மேடம்."

மங்களம் தலையாட்டினாள்.

இறங்கும்போது நோரா சால்வையைத் திருப்பி வாங்கவில்லை. "சர்ச்சுக்குப் பின்தெருவுல நோரா டீச்சர் வீடுன்னா சொல்லுவாங்க. யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்க, நீங்க சிரமப்படாதீங்க. நீங்க எழுந்து நடக்கணும்னு தினமும் ஜெபம் பண்றேம்மா."

ஊர் திரும்பியதும் மங்களம் சால்வையைத் துவைத்து மடித்து வைத்தாள். ரகுராம் ஆபீசுக்குப் போவதே பிரேசர் டவுன் வழியாகத்தான். கொடுத்துவிட்டு வரச் சொன்னதற்கு, "பழைய துணிக்கு இவ்வளவு அலட்டலா?" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே நடந்து போனாள்.

சர்ச் வாசலில் நோரா தெரிந்தாள். அப்போதுதான் மங்களத்துக்கு உறைத்தது. தன்னைப் பார்த்தால் அவள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். ஜெபம் பலித்தது என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவாள். அதற்கும் தலையாட்ட வேண்டும், இல்லையென்றால் உண்மையைச் சொல்லவேண்டும். நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். கூட்டம் கலைந்ததும் சால்வையை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். பிரேசர் டவுனில் ஒருத்தி அந்தக் கால்களுக்காக இன்னமும் ஜெபம் செய்துகொண்டிருக்கலாம். சால்வையைச் சிந்து இஸ்திரி மேஜைமேல் விரித்திருக்கிறாள். ரகுராமின் சட்டைகள் அதன்மேல் நன்றாகத் தேய்கின்றன.