சித்தப்பாவுக்குப் போகாத கம்பி

“சும்மா இருங்க” என்று சித்தப்பா ஒரு தடவைதான் சொன்னார். உச்சிப்புளியில் எங்கள் வீட்டுக்கு மேலே கடற்படை ஹெலிகாப்டர் போனாலும் நிற்காத சண்டை அப்படியே நின்றது. என்னை ஆராய்ச்சிப் படிப்புக்குச் சென்னைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடினார்கள். அவருக்கு அண்ணனான என் அய்யாவும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த நிமிடம்தான் உறைத்தது, என் மாதிரியில் இல்லாதது இந்த ஆள்தான்.

மாதிரி என்றால், லேப்டாப்பில் சமன்பாடுகளால் நான் கட்டிய நியூரான் கூட்டம். ஒன்று துடித்தால், சினாப்ஸ் என்கிற இணைப்பு வழியாகச் சேதி அடுத்ததற்குப் போகும். சில இணைப்புகள் ‘நீயும் துடி’ என்று தூண்டும், சில ‘அடங்கு’ என்று அமுக்கும். வீட்டில் பட்ட எரிச்சலில் அமுக்குகிற இணைப்பே வேண்டாம் என்று விட்டிருந்தேன். ஓடவிட்டால் மொத்தக் கூட்டமும் ஒன்றாகத் துடித்தது, வலிப்பு வந்த மாதிரி. சென்னை நேர்காணலில் இதைக் காட்டினால் சீட்டு கிடைத்த மாதிரிதான்.

உடனே உட்கார்ந்து அடக்குகிற நியூரான் ஒன்றைச் சேர்த்தேன். அதிலிருந்து எல்லாருக்கும் கம்பி போனது. அதற்கு யாரிடமிருந்தும் கம்பி வரவில்லை, தானாகவே துடிக்கும்படி வைத்தேன். அசல் சித்தப்பா. ஓட்டினேன். அது மட்டும் விடாமல் துடித்தது, மற்றதெல்லாம் திரையில் துடிப்பே இல்லாத செத்த கோடு.

பின்னால் வந்து நின்ற சித்தப்பா என்னவென்று கேட்டார். வாய் சும்மா இருக்காமல் வலிப்புக் கதையிலிருந்து ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

“பாத்தியாத்தா? அடக்க ஆள் இல்லேன்னா வலிப்பு வந்துரும்னு ஒன் பொட்டியே சொல்லுது. அங்கன போயி என்னத்தக் கிழிக்கப் போற? பேசாம இங்கன கெட.”

“பாதியத்தான் கேட்டீங்க சித்தப்பா. அடக்குறவன் மட்டும் பேசினா எல்லாம் செத்துரும்னும் சொல்லுது.”

“வாய் நீளுது. சும்மா இரு.”

அய்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்குக் கூட்டத்திலிருந்து அந்த நியூரானுக்குக் கம்பி இழுக்கப் போகிறேன். கூட்டம் எகிறினால் அது துடிக்கட்டும், கூட்டம் தணிந்தால் அதுவும் தணியட்டும். அதை அடக்க இன்னொன்றையும் வைப்பேன். திரையில் சரியாக வந்தால் நேர்காணலுக்குக் கிளம்பியாக வேண்டும். அதற்கு முன்னால், காலையில் அய்யாவைத் தனியாகப் பிடித்துக் கேட்கப் போகிறேன். தம்பியைப் பார்த்து அந்த ரெண்டு வார்த்தையை அவர் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும்.