சார் ஐடியில் பார்த்த படம்

பதினொன்றாம் வகுப்பில் நான் செய்த ஒரு காரியத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கொலையா செய்தேன்? பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் சினிமா பார்த்தேன். அதுவும் அரை மணி நேரம்.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. லேபில் எங்கள் ஐடியைப் போட்டால் பாடம் தவிர ஒன்றும் திறக்காது. பாட்டு, படம் என்று எதைத் தேடினாலும் ‘அனுமதி இல்லை’ என்று சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். கம்ப்யூட்டர் சாரின் ஐடிக்கு அந்தத் தடை கிடையாது. அந்த ஐடியும் பாஸ்வேர்டும் எனக்கு அத்துப்படி, அவரே கொடுத்ததுதான். எல்லா வகுப்பு மதிப்பெண்களையும் ஆன்லைனில் ஏற்றும் வேலை அவர் தலையில் விழும். டைப்பிங் வேகமாக வரும் பிள்ளையாகப் பார்த்து உட்கார வைத்துவிடுவார். அந்த வருஷம் அந்தப் பிள்ளை நான். அதில் எனக்கு ஏகப்பட்ட திமிர் வேறு.

அன்று மதியம் சார் சாப்பிடப் போயிருந்தார். மதிப்பெண்ணெல்லாம் ஏற்றி முடித்துவிட்டேன். வகுப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டு வந்து, கதை சொல்லியே என்னை வெறுப்பேற்றிய படம் ஒன்று இருந்தது. அப்பாவைக் கேட்டதற்கு, “மூடிக்கினு படி” என்றிருந்தார். சார் ஐடியிலேயே தேடினேன். திருட்டுப் படம் போடும் ஒரு தளம் அகப்பட்டது. எங்கே தொட்டாலும் புதிதாக ஒரு பக்கம் திறந்துகொண்டது. ஐயையோ, அதில் இருந்ததை எழுதவே கூசுகிறது. மூட மூட வந்தது. மூடிவிட்டு மூடிவிட்டுப் படத்தைப் பார்த்தேன் பாருங்கள், வெட்கங்கெட்ட தைரியம்தான்.

பத்து நாள் கழித்து சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் ஐடியில் திறந்த தளங்களின் பட்டியல் மேலிடத்திலிருந்து எச்.எம். மேடத்துக்கு வந்திருந்தது. அதன் நகல் சார் கையில். பாதிப் பெயர்கள் அசிங்கம். சார் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“நீதானாம்மா?”

தலையை ஆட்டினேன். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. விடவில்லை.

“நான் டெம்பரவரிம்மா. பாஸ்வேர்ட பசங்ககிட்ட குடுத்தேன்னு தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாங்க. கொஸ்டின் பேப்பர் தேடிக்கினு இருந்தப்ப தானா தொறந்துக்கிச்சின்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ வாயத் தொறக்காத, இன்னா?”

சரி சார் என்றேன். தப்பித்தோம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் எச்.எம். மேடம் எங்கள் வகுப்புப் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் போனவள் வெளியே வந்து காதில் சொன்னாள்: “சாரு தப்பா நடந்துக்கினாரான்னு கேக்கறாங்கடி.” விஷயம் இந்தப் பக்கம் திரும்பும் என்று நானும் நினைக்கவில்லை, சாரும் நினைத்திருக்க மாட்டார்.

மேடம் கதவைச் சாத்தினார். “மதியத்துல நீ மட்டும் லேபுல இருப்பியாமே. சாரு உனக்கு எதுனா காமிச்சாரா?”

“இல்ல மேடம்.”

“பயப்படாம சொல்லு.”

எப்படிப் பயப்படாமல் இருப்பது? அடக்கி அடக்கிப் பார்த்தேன், பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. மேடம் எழுந்து வந்து என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

“அழாதடி கண்ணு. நீ ஒண்ணும் சொல்ல வாணாம். எனக்குப் புரிஞ்சிபோச்சி.”

மேஜைமேல் இருந்த போனை எடுத்தார். அவருக்கு என்ன புரிந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாருக்கு இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருந்தாள். போலீஸ் வந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன சொல்வார்கள்?

“மேடம், நான்தான் பாத்தேன்! சாரு அப்ப சாப்புடப் போயிட்டாரு மேடம்!” கத்தியேவிட்டேன்.

அவர் நம்பவில்லை. “இப்பிடிச் சொல்லச் சொல்லி மிரட்டினானா?” என்றார்.

வேறு வழி தெரியவில்லை. அவர் மேஜையிலேயே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கேட்காமலே போய் அதன் முன் உட்கார்ந்தேன். சார் ஐடியை அடித்தேன், பாஸ்வேர்டை அடித்தேன். திறந்துகொண்டது. படத்தின் பெயரைப் போட்டு, அந்தத் தளத்தைத் தொட்டதுமே அசிங்கப் பக்கம் ஒன்று வந்து நின்றது.

“இப்பிடித்தான் மேடம் ஆச்சி.”

மேடம் போனை வைத்துவிட்டார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“பாஸ்வேர்ட உனக்கு யாரு குடுத்தா?”

“சாருதான் மேடம்.”

சார் அடிக்கும்போது எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அடியோ திட்டோ என்னோடு போயிருக்கும். அந்தப் பொய் எனக்குத் தோன்றியது சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில். அதற்குள் சாரைக் கூப்பிட்டு, வேலையை விட்டு விலகுவதாக எழுதி வாங்கிவிட்டார்கள்.