முதலாம் பலகை

அவர் போலந்துக்காரர். இருபது வயதில் சொந்த நாட்டு அணிக்கு செஸ் ஆடி மாஸ்டர் பட்டம் வாங்கியவர். நான் அறிந்த காலத்தில் லண்டன் எட்மண்டனில், குளிர்க் களஞ்சியத்தில், என்னோடு உறைந்த மீன்பெட்டி அடுக்கினார். என் வயதுதான். லண்டனில் அந்தப் பட்டத்துக்கு யார் வேலை தருவார்கள்?

ஏழு வருடம் மதியச் சாப்பாட்டு நேரங்களில் ஆடினோம். நான் தோற்றுத் தோற்றுத் தேறினேன். கோணலாக நிற்கும் காயை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குளிரில் வெடித்த விரலால் தன் காய், என் காய் எல்லாவற்றையும் கட்டத்தின் நடுவே தள்ளி வைப்பார். போட்டியென்றால் முதலில் "சரிசெய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டால் அந்தக் காயைத்தான் நகர்த்த வேண்டும்; 'டச் மூவ்' என்பார்கள். எங்களுக்குள் அந்தச் சட்டம் இருந்ததில்லை. களஞ்சியத்தில் இருந்த தமிழர் எங்களிடமிருந்து அவர் பிடித்துக்கொண்ட ஒரே தமிழ், ஆமென்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்".

ஹரோவில் எங்கள் கிளப் அணிக்கு அவர் முதலாம் பலகை. பலமான ஆள் அமரும் இடம். பழைய வாழ்க்கையில் அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கதிரை மட்டும். போன வருடம் அவர் இரண்டு ஆட்டம் தோற்றதும் நான் அந்த இடத்தை எனக்குக் கேட்டேன். கிளப் வழக்கப்படி, நாங்கள் இருவரும் ஒரு ஆட்டம் ஆடித் தீர்க்க வேண்டும்.

அவர் வென்றுகொண்டிருந்தார். தன் முறை வந்தபோது, யோசித்தபடியே, கோணலாக நின்ற தன் குதிரையை விரலால் தள்ளினார். அது இடம் மாறினால் பின்னால் நிற்கும் ராணி போய்விடும். வாய் திறக்கவில்லை. என்னோடு ஆடும்போது ஏன் திறக்க வேண்டும்?

"டச் மூவ்," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம்," என்றார். குதிரையை நகர்த்தினார். நான் ராணியை எடுத்து ஆட்டத்தை வென்றேன்.

களஞ்சியத்தில் எங்களோடு வேலை செய்யும், ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்த அண்ணை மறுநாள் விசயத்தைக் கேட்டார். சட்டப்படிதான் செய்தேன் என்றேன்.

"சட்டம் சரி. அந்தாளின்ர கையை உமக்குத் தெரியுமெல்லோ? ஏழு வருசம் உம்மட குதிரையையும் சேத்தெல்லோ நிமித்தி வைச்சது." பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். "இவ்வளவு சட்டம் தெரிஞ்ச லோயர், இஞ்ச ஏன் மீன் அடுக்கிறீர்?"

போலந்துக்காரர் கிளப்புக்கு வருவதை விட்டார், ஷிப்டையும் மாற்றிக்கொண்டார். வியாழக்கிழமைகளில் முதலாம் பலகையில் நான் இருந்து, அநேகமாகத் தோற்கிறேன். எதிரே இருப்பவர்கள் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, தங்கள் காயை மட்டும் தொடுகிறார்கள். என் குதிரை கோணலாகவே நிற்கிறது.