தலைகீழ்க் கரடியும் சமையலறைக் கூரையும்

2006 வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, மாலை நாலே காலுக்கு, எங்கள் தென்னை மரம் சமையலறை மேல் விழுந்தது. நேரத்தை உறுதியாகச் சொல்கிறேன். காற்று கிளம்பியதிலிருந்தே நாட்குறிப்பும் கையுமாக ஜன்னலோரம் நின்றிருந்தேன். "ஏனுங்க, மரம் சாயுது, நீங்க எழுதிட்டு நிக்கறீங்க!" என்று மனைவி கத்தியது நாலு பதினாலுக்கு.

யாருக்கும் அடியில்லை. சிமெண்ட் ஷீட் கூரைதான் முழுக்கப் போயிற்று. அடுப்பைத் தூக்கிக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். கூடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர், எங்களோடு வசித்த என் மாமனார். அதுவரை சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது சமையலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"கண்ணு, கடுகு இன்னும் பொரியல."

"கண்ணு, புளிய முன்னாடியே ஊத்தியிருக்கோணும்."

மூன்றாம் நாள் மனைவி என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள். "சீக்கிரமா கூரை வரோணுமுங்க. இல்லீன்னா நானோ எங்கப்பாவோ, ரெண்டுல ஒருத்தர்தான் இந்த ஊட்ல."

வீட்டுக்கடன் வாங்கியபோது பாங்கில் எங்கெங்கோ கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதில் ஒன்று வீட்டுக் காப்பீடு. அந்தப் பாலிசியை மூன்று மதியங்கள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். கனமான நூல்கள் பல படித்தவன் நான். ஆனால் முதல் பக்கத்தில் கொடுத்ததையெல்லாம் பத்தாம் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும் நூலை அப்போதுதான் பார்த்தேன். நல்லவேளையாக, சூறைக்காற்றில் மரம் விழுந்தால் இழப்பீடு உண்டு என்பதைக் கடைசிவரை யாரும் பிடுங்கவில்லை. ஒரே நிபந்தனை: வீடு குடியிருக்க மட்டுமே பயன்பட வேண்டும், தொழில் எதுவும் நடக்கக் கூடாது. நமக்கென்ன என்று விண்ணப்பித்தேன்.

சேதத்தைப் பார்க்கக் கோயமுத்தூர்க் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு சர்வேயர் வந்தார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர், நேர்மையானவர். அவர் வந்தது சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. அன்று எங்கள் கொடியில் நாற்பத்து மூன்று ஆரஞ்சு டி-ஷர்ட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கரடி, தலைகீழாக.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பேக்கிங் பிரிவில் இருந்தேன். பிரிண்டிங்கில் யாரோ துணியைத் திருப்பிப் போட்டதில் கரடி கவிழ்ந்துவிட்டது. ஆர்டர் கொடுத்த பையர் மொத்தத்தையும் வேண்டாம் என்றுவிட்டார். முதலாளி ஆளுக்கொரு மூட்டை கொடுத்துவிட்டார். திருப்பூரில் இப்படி ரிஜெக்ட் ஆனதைத்தான் வீட்டில் எல்லோரும் போடுவோம். பிரிண்ட் வாசம் போகட்டும் என்று மனைவி மூட்டையை மொத்தமாக அலசிப் போட்டிருந்தாள்.

சர்வேயர் கூரையை விட்டுவிட்டுக் கொடியைப் பார்த்தார். "சார், இதெல்லாம் யாரோடது?"

"நாங்க போடறதுதானுங்க."

"நாப்பத்தி மூணுமா?"

மாமனாருக்கு விருந்தாளியைச் சும்மா அனுப்பினால் தூக்கம் வராது. "உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க தம்பி."

"ஐயோ, வேணாம் ஐயா. நாங்க இலவசமா எதுவும் வாங்கக் கூடாது."

"அட, புடிங்க தம்பி!"

அவர் மறுக்க, இவர் திணிக்க, கடைசியில் சர்வேயர் இருபது ரூபாயை எடுத்து மாமனார் கையில் வைத்தார். மாமனார் இருமுறை மறுத்து, மூன்றாம் முறை மரியாதைக்காக வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. 'வீட்டில் ஒரே மாதிரியான ஆயத்த ஆடைகள் பெருமளவில் இருப்பு வைக்கப்பட்டுள்ளன. ஆடை விற்பனை நடைபெறுவதும் நேரில் கண்டறியப்பட்டது. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

பதினோரு பக்கத்தில், உட்தலைப்புகளோடு மறுப்பு எழுதினேன். மனைவி அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "இத ஆருங்க படிப்பாங்க? நாளைக்கு எல்லாரும் அந்தச் சட்டையவே போட்டுட்டுக் கோயமுத்தூர் போலாம்."

அப்படியே போனோம். நான், சேலைக்கு மேல் ஒன்றை மாட்டிய மனைவி, பிள்ளைகள் இருவர், வேட்டியும் கரடியுமாக மாமனார். பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "எந்த ஊரு கபடி டீமுங்க? பெரியவரு கோச்சுங்களா?"

"இல்லீங்க," என்றார் மாமனார். "கேஸுக்குப் போறோம்."

காப்பீட்டு அலுவலகத்தின் மேலாளர் ஓர் அம்மாள். ஐந்து கரடிகள் தலைகீழாக உள்ளே நுழைவதைப் பார்த்து எழுந்தே விட்டார். என் பதினோரு பக்கத்தை நீட்டினேன். வாங்கி மேஜை ஓரமாக வைத்தார்.

"இதைத்தான் இருப்புன்னு எழுதியிருக்காங்களா?"

"இருப்பு இல்லீங்க மேடம், உடுப்பு," என்றாள் மனைவி. "இத ஆருங்க காசு குடுத்து வாங்குவாங்க?"

"கரடி தலைகீழா இருக்கே?"

மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாக்கறவங்களுக்குத்தானுங்க தலைகீழு. போட்டிருக்கறவன் குனிஞ்சு பார்த்தா நேராத்தான் தெரியுது."

மேலாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரிங்க. விற்பனை நடந்ததுன்னும் இருக்கே? இதுவரைக்கும் எத்தனை பேருக்கு வித்தீங்க?"

"ஒருத்தருக்குத்தானுங்க," என்றாள் மனைவி. "உங்க சர்வேயருக்கு."

நான் நாட்குறிப்பைத் திறந்து அந்தச் சனிக்கிழமைப் பதிவை வாசித்தேன்: பதினொன்று நாற்பது, இருபது ரூபாய், இருமுறை மறுப்பு. என் எழுத்தை ஓர் அலுவலகம் கடைசிவரை கேட்டது அன்றைக்குத்தான். மேலாளர் சர்வேயரை அழைத்தார். அவர் வந்து எங்களைப் பார்த்தார், கரடிகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஆமா மேடம். நான்தான் வாங்கினேன். சும்மா வாங்கினா தப்பாச்சே."

"போட்டுப் பாத்தீங்களா தம்பி?" என்றார் மாமனார் ஆவலாக.

"கொஞ்சம் லூஸா இருக்குங்க ஐயா."

மறுபரிசீலனைக்கு மேலாளர் அங்கேயே கையெழுத்திட்டார். பணம் வந்து, ஆடியில் ஒரு திங்கட்கிழமை மாலை ஐந்து இருபதுக்குப் புதுக் கூரை ஏறி முடிந்தது. ஐந்தரைக்கு மனைவி அடுப்பை உள்ளே கொண்டுபோனாள். ஐந்து முப்பத்தைந்துக்கு மாமனார் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை நிலைப்படியில் போட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, இன்னிக்கு என்ன கொழம்பு?"

மனைவி அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் பாலிசியில சமையக்கட்டுக்குக் கதவு கெடைக்குமுங்களா?"

எடுத்துப் பார்த்தேன். இருந்த கதவு உடைந்தால் கிடைக்கும். எங்கள் சமையலறைக்குக் கதவே கிடையாது.