பாம்புக்குச் சூடு வைத்த கதை

"பாம்புக்குச் சூடு வைக்கணும், நல்ல எலக்ட்ரீசியன் யாராவது தெரியுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவ்வளவுதான், தலையிலிருந்த விறகுக் கட்டைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டாள்.

"ஏங்கக்கா, பாவம்ங்க, வாயில்லா ஜீவன். அது என்னா பண்ணிச்சின்னு சூடு வைக்கப் போறீங்க? அதுவும் கரண்ட்டுலயா?"

மாட்டுக்குக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வைப்பார்களே, அந்தச் சூடு என்று நினைத்துவிட்டாள். "அடிச்சிப் போடுங்கக்கா, வீட்டுக்கு ஆகாது" என்று போன வாரம்வரை வாசலில் நின்று சத்தம் போட்டவளும் இவள்தான். பாம்புக்குக் குளிருகிறது, கதகதப்பு வேண்டும் என்று விளக்கிச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று மாலைக்குள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க அந்தச் சிரிப்புதான். எனக்கு வந்த கோபத்தில் அவள் தைக்கக் கொடுத்திருந்த சட்டைத் துணியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது.

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தை ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு தையல் வேலை செய்கிறவள். பாம்பு என் மகளுடையது. கொழும்பில் வேலை பார்த்தபோது, கூடத் தங்கியிருந்த பெண் வெளிநாடு போகையில் அதை இவளிடம் விட்டுப் போயிருக்கிறாள். காட்டில் பிடித்ததல்ல. வெளிநாட்டு இனம், கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே பொரித்து வளர்ந்தது, விஷமில்லாதது. செவ்விளநீர் நிறத்தில், விரல் தடிமனில் இருக்கும். மகளுக்கு ஹட்டனில் வேலை மாற்றம் கிடைத்து வீட்டோடு வந்தபோது, பாம்பும் பெட்டியோடு வந்தது.

முதல் வாரம் நான் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் பாம்புக்கு வாங்கிய சுண்டெலிப் பொட்டலம் இருந்ததற்கு நான் போட்ட சண்டையைத் தனியாக எழுத வேண்டும். ஆனால் மகள் காலையில் பஸ் ஏறிப் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது நானும் என் தையல் மெஷினும் அதுவும்தான். ஒரு உயிர் கண்ணெதிரே சுருண்டு கிடக்கும்போது எத்தனை நாளைக்குப் பார்க்காமல் இருப்பது? ஒரு நாள், சாப்பிட்ட எலியை அது பாதி செரித்தும் செரிக்காமலும் கக்கி வைத்திருந்தது. பாம்பை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். ஆற்றங்கல் மாதிரி சில்லென்று இருந்தது.

கொழும்பு வெக்கையில் அதற்கு எதுவும் தேவைப்படவில்லை. இங்கேயோ மனிதர்களே ஸ்வெட்டருக்குள் முடங்குகிற ஊர். அதன் ரத்தத்துக்குச் சொந்தச் சூடு கிடையாது, வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும், சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது, செரிக்காவிட்டால் செத்துப்போகும் என்றாள் மகள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன், இது சாகக் கூடாது.

கோழிக்குஞ்சுக்குத் தொங்கவிடுகிற மாதிரி பெட்டிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிடச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. குஞ்சு சூடு தாங்காவிட்டால் விலகி ஓடும். இது பல்பையே சுற்றிக்கொண்டு கிடக்கும் என்று மகள் மறுத்துவிட்டாள். பிறகு கொழும்பில் வளர்ப்புப் பிராணிகளுக்குச் சாமான் விற்கிற ஒருவரைப் போனில் பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"ஹீட் ரொக் ஒண்ணு அனுப்புறேன் மிஸ். கல்லு மாதிரி இருக்கும், உள்ளுக்கு வச்சிட்டு பிளக்கைப் போட்டா சரி."

"சூட்டைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட் எதுவும் வேணாமா?" என்று மகள் கேட்டாள்.

"எங்க அனுப்பணும்னு சொன்னீங்க? மஸ்கெலியா எஸ்டேட்டா? அதெல்லாம் எதுக்கு மிஸ், எஸ்டேட்டுக்கு இது போதும்."

போதும். இந்த வார்த்தையை நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். லயத்துக்கு ஒரு தண்ணீர்ப் பைப் போதும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கு வாத்தியார் போதும், அவரும் பாதி நாள் வராவிட்டால் பரவாயில்லை. காய்ச்சலோடு போனால் இரண்டு வெள்ளை மாத்திரை போதும். சொல்கிற யாரும் இங்கே ஒரு ராத்திரி தங்கியவர்களாக இருக்க மாட்டார்கள். இப்போது பாம்புக்கும் அதே அளவுகோல். ஆனாலும் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. விற்கிறவருக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

கல் வந்தது. பார்க்க நிஜக் கல் மாதிரியே இருந்தது, பின்னால் ஒரு வயர். மகள் வேலை முடிந்து வந்ததும் உள்ளே வைத்து பிளக்கைக் குத்தினோம். நாங்கள் அசட்டையாக இருந்துவிடவில்லை. அவளும் நானும் மாறி மாறிக் கை வைத்துப் பார்த்தோம். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்ச் சூடுதான் இருந்தது. அதற்கடுத்த மாலைகளிலும் பார்த்தோம், அதே சூடுதான். பாம்பு மெதுவாக வந்து கல்லின் மேல் சுருண்டுகொண்டது. எங்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

மாலையில் மட்டும் பார்த்ததுதான் தப்பு. எங்கள் வீட்டுக்கு வருவது லயங்களுக்குப் போகிற அதே கரண்ட். சாயங்காலம் அத்தனை வீட்டிலும் லைட்டும் ரைஸ் குக்கரும் டீவியும் ஓடும்போது பல்பு மஞ்சளாக மங்கிவிடும், என் மெஷின் மோட்டர் இழுத்து இழுத்து ஓடும். காலையில் எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பிறகுதான் முழுக் கரண்ட் வரும். அதனால்தான் கனமான துணிகளையெல்லாம் நான் பகலுக்கு ஒதுக்கி வைப்பேன். எல்லாம் தெரிந்தவள்தான் நான், ஆனால் மெஷினுக்குப் போட்ட கணக்கைக் கல்லுக்குப் போட்டுப் பார்க்கவில்லை. முழுக் கரண்டில் கல்லும் பகல் முழுக்கக் கொதிக்கும்.

ஒரு பகல் நேரம், ஒரு விதமான தீய்ந்த வாடை வந்தது. அயன் பாக்ஸ்தான் என்று ஓடிப் பார்த்தேன், அது அணைந்திருந்தது. பெட்டியைத் திறந்து கல்லைத் தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். பாம்பு அதன் மேலேயே கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கையில் தூக்கினேன். வயிற்றுச் செதில்கள் பழுப்பேறி, ஓரங்களில் கொப்புளம் கட்டியிருந்தது. முதுகு மட்டும் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. மேலே குளிர், கீழே நெருப்பு. விலகிப் போனால் மற்ற இடமெல்லாம் பனி மாதிரி இருக்கும்போது பாவம், அது எங்கே போகும்?

மெய்யாகவே பாம்புக்குச் சூடு வைத்துவிட்டோம். பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்த பக்கத்து வீட்டுக்காரி இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் கூடவே நின்றாள்.

மகளுக்குப் போனில் சொல்லிவிட்டு நான் அந்தக் கடைக்காரரை அழைத்தேன்.

"இதுவரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளெய்ன் பண்ணல மிஸ்" என்றார்.

"பாம்பு எப்படிங்க கம்ப்ளெய்ன் பண்ணும்?"

"நீங்க சரியா பாவிச்சிருக்க மாட்டீங்க. எஸ்டேட் கரண்ட்டுக்கு நான் பொறுப்பில்லையே."

விற்கும்போது எஸ்டேட்டுக்குப் போதும். வெந்த பிறகு எஸ்டேட் கரண்ட் சரியில்லை. சூடு சுரணை இல்லாத மனிதர் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

பழைய சீத்தைத் துணியில் ஒரு பை தைத்து, பாம்பை அதில் விட்டு, காற்றுத் துளை போட்ட டப்பாவுக்குள் வைத்து ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். மகள் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு மிருக டாக்டர் வாசலில் காத்திருந்தாள். மாடுகளைப் பார்க்கிற டாக்டர் அவர். பாம்பைப் பார்த்துச் சிரிப்பாரோ என்று சண்டைக்குத் தயாராகவே போனேன். அவர் சிரிக்கவில்லை. தெரிந்த வேறொரு டாக்டரைப் போனில் கேட்டுக்கொண்டு, புண்ணைக் கழுவி, மருந்து கொடுத்தார். பெட்டியில் பரப்பியிருந்த மரத்தூளை எடுத்துவிட்டுச் சுத்தமான காகிதம் விரிக்கச் சொன்னார்.

"கதகதப்பா வச்சிருங்கம்மா. குளிர்ல கிடந்தா புண்ணு ஆறாது, சீழ் பிடிச்சிரும்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சூட்டுப் புண் ஆறுவதற்கும் சூடுதான் வேண்டுமாம். வைத்தால் வேகும், வைக்காவிட்டால் சாகும். இனி எங்களுக்கு இன்னொரு தப்புச் செய்ய இடமில்லை.

அதன் பிறகு நானே பொறுப்பை எடுத்துக்கொண்டேன். சுடுதண்ணீர்ப் போத்தல் தற்காலிகத்துக்கு ஆகும், ஆனால் ஆறிப்போகும். கரி அடுப்பு மூட்டினால் புகையே கொன்றுவிடும். கடைசியில் மகள் வேறொரு இடத்தில் ஹீட் மேட் ஒன்றும் தெர்மோஸ்டாட் ஒன்றும் வரவழைத்தாள். மேட் என்பது மெல்லிய தகடு. அதைப் பெட்டிக்குள் வைப்பதில்லை, வெளியே, அடிப்பக்கத்தில், ஒரு ஓரமாக மட்டும் ஒட்ட வேண்டும்.

பொருத்த வந்த எலக்ட்ரீசியன் தம்பி தெர்மோஸ்டாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எதுக்குங்கக்கா? தகட்டை நேரா பிளக்குல குத்திருவோம். ஒரு பாம்புக்கு அது போதும்."

அவனும் அதே வார்த்தை! எங்கள் ஊர்ப் பிள்ளை, லயத்தில் பிறந்தவன். எனக்கு எங்கிருந்துதான் அப்படிச் சத்தம் வந்ததோ.

"என் அயன் பாக்ஸுல சூடு ஏறினா தானா அணையுது இல்ல? துணி கருகக் கூடாதுன்னுதானே அதை வச்சிருக்கான்? துணிக்கு இருக்கிற மரியாதை உயிருக்கு இல்லையா? பூட்டுப்பா!"

அவன் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே பூட்டினான். முப்பது பாகைச் சூட்டைத் தொட்டதும் அணைகிற மாதிரி வைத்து, சூட்டை அளக்கிற வயரின் நுனி நகராதபடி ஒட்டினான். பெட்டியின் பின்பக்கத்தில் மட்டும், தகட்டில் படாமல், குளிர் தாங்க ரெஜிபோம் நுரை அட்டை வைத்தோம். இரண்டு ஓரத்திலும் தனித்தனி வெப்பமானி. மாலையில் மட்டுமல்ல, முழுக் கரண்ட் வருகிற பகலிலும் நான் பார்த்தேன். மெஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

ஆனால் பாம்பு சூட்டுப் பக்கமே வரவில்லை. குளிர்ந்த மூலையில் தலையைச் செருகிக்கொண்டு கிடந்தது. நாங்கள் மெதுவாகத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தால் மறுபடி ஊர்ந்து அந்த மூலைக்கே போகும். பயந்ததோ, வலித்ததோ, பாம்பின் மனசு யாருக்குத் தெரியும்? நல்லபடியாகச் சூடு அமைத்துக் கொடுத்த பிறகும் அது குளிரிலேயே செத்துப்போகுமோ என்று பயந்தேன். அந்தக் கல்லைக் குப்பைக் குழியில் எறிந்தேன். பிறகு அதையும் யாராவது எடுத்துவிடப் போகிறார்களே என்று இறங்கிப் போய்ச் சுத்தியலால் உடைத்துவிட்டு வந்தேன்.

ஒரு பகலில், எல்லாரும் மலைக்குப் போயிருந்த நேரம், எட்டிப் பார்த்தபோது அது சூட்டுப் பக்கம் படுத்திருந்தது. நான் வெப்பமானியைப் பார்த்தேன். முப்பது. தெர்மோஸ்டாட்டின் சின்ன லைட் அணைந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் கழித்துப் பாம்பு தலையைத் தூக்கியது, நாக்கை நீட்டியது, யாரும் தொடாமல் தானாகவே மெதுவாகக் குளிர்ந்த பக்கத்துக்கு ஊர்ந்து போனது. அந்த வாரமே எலியைத் தின்றது, கக்கவில்லை. வயிற்றில் அந்த வடு மட்டும் இன்னும் இருக்கிறது.

அது தின்ற அன்று கடைக்காரரை மறுபடி அழைத்தேன்.

"யாருங்க பேசுறது?"

"மஸ்கெலியா எஸ்டேட்டுல இருந்துங்க. உங்க கல்லுல வெந்த பாம்போட வீடு. அது பிழைச்சிருச்சி. இப்ப சூடு வேணும்னா அதுவே வருது, போதும்னா அதுவே விலகிப் போகுது. எங்களுக்கு எது போதும்னு இனிமே நீங்க சொல்லாதீங்க."

இந்தத் தடவை போனை நான்தான் முதலில் வைத்தேன்.